ஆட்சேபத்தோடு ஒரு குளிர்த் தொப்பி

என் தலைமுடியைத் திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்திருக்கிறேன் என்ற செய்தி, காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய பதிலில்தான் எனக்கே தெரியவந்தது.

அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஈரக்கையைத் துடைத்துவிட்டுக் கைபேசியில் வந்த பதிலைத் திறந்தேன். நோயாளி சமய வழக்கப்படி தம் முடியை முழுவதுமாக நீக்கிக்கொள்ளவிருப்பதாகக் குடும்பத்தார் தெரிவித்தார்கள். எனவே முடியைக் காப்பதற்கான செலவு மருத்துவத் தேவை ஆகாது. எப்படியும் இது அழகுப் பராமரிப்பு வகையைச் சேர்ந்தது, அதைத் தர இயலாது. இதைத்தான் மரியாதையான ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். விரைவில் குணமடைய வாழ்த்தும் இருந்தது.

நான் அப்படி எதையும் நேர்ந்துகொள்ளவில்லை. ஆனால் படித்தவுடன் எனக்கு வந்த முதல் எண்ணம், மயக்க மருந்தின் பிடியில் ஏதாவது உளறிவிட்டேனோ என்பதுதான். என் குணம் அது. யார் குற்றம் சொன்னாலும் முதலில் என்னைத்தான் சோதித்துப் பார்ப்பேன்.

கட்டி விஷயத்திலும் அப்படித்தான். மகளுக்குப் பால் மறக்கடித்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. இடது மார்பில் கையில் தட்டுப்பட்டதைப் பால் கட்டியிருக்கிறது என்று நானே முடிவுசெய்தேன். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். அது கரையாதபோது, ஒத்தடம் சரியாகக் கொடுக்கவில்லை என்று என்னையே குறை சொன்னேன். என் கணவர் வற்புறுத்தி மதுரைக்கு அழைத்துப்போன பிறகுதான் அதற்கு வேறு பெயர் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை முடிந்தது. அடுத்து கீமோ என்றார்கள்.

மதுரை டாக்டரம்மா எதையும் மறைக்கிறவர் இல்லை.

"முடி கொட்டும்மா. கொட்டாம இருக்க ஒரு வழி இருக்கு. மருந்து ஏறும்போது தலைக்கு ஒரு தொப்பி போட்டு நல்லாக் குளிர வைப்போம். அந்தக் குளிர்ல தலைத்தோலுக்கு ரத்தம் கம்மியாப் போகும், மருந்தும் கம்மியாப் போகும். எல்லாருக்கும் நிக்காது. நிறையப் பேருக்கு ஓரளவு நிக்கும். உங்க கட்டிக்கும் உங்க மருந்துக்கும் அதைத் தாராளமாப் போடலாம்."

"இன்சூரன்ஸ்ல வருமா மேடம்?" என்று கேட்டார் என் கணவர்.

"மருந்துக்கு வரும். தொப்பிக்குப் பணம் வந்து நான் இன்னும் பார்க்கல."

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. உயிருக்கு வைத்தியம் பார்க்க வந்த இடத்தில் முடியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறோமே என்று. "உசுரு பெருசா மசுரு பெருசா" என்று எங்கள் பக்கத்தில் கேட்பார்கள். அதற்குப் பதில் எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் எனக்கு மூன்று வயதில் ஒரு மகள் இருக்கிறாள். என் பின்னல் நுனியைக் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். அறுவை சிகிச்சைக்காக நான் மதுரையில் இருந்த நாட்களில் என் நாத்தனார், அதாவது கணவரின் தங்கை, தன் பின்னலைக் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். பிள்ளை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது அம்மா முடி இல்ல" என்று தள்ளிவிட்டாளாம். மார்பில் ஒரு பக்கம் போனது அவளுக்குத் தெரியாது, சட்டைக்குள் மறைந்துவிடுகிறது. முடி அப்படி இல்லை. நான் ஒரு வார்த்தை சொல்லும் முன்பே அது எல்லாவற்றையும் சொல்லிவிடும். என் நோயை என் பிள்ளைக்கு நான்தான் சொல்ல வேண்டும், அவளுக்குப் புரிகிற வயதில், எனக்குத் தைரியம் வந்த ஒரு நாளில். இதைக் கேட்பது அழகுக்கு ஆசைப்படுவதா?

போட்டுக்கொள்வதென்று முடிவு செய்தோம்.

முதல் தவணை மருந்து ஏறிய நாளில் ஒரு நர்ஸ் என் முடியை நனைத்துச் சீவி, அந்தத் தொப்பியை இறுக்கிக் கட்டினார். தூத்துக்குடிக்காரிக்குக் குளிர் என்றால் மீன்பெட்டி ஐஸ்தான். மீன்பெட்டிக்குள் தலையை விட்டு மூடியை அறைந்ததுபோல் இருந்தது. நெற்றிக்குள் யாரோ ஆணி இறக்கினார்கள். பல் தந்தியடித்தது. கொஞ்ச நேரத்தில் மரத்துப்போனது. மருந்து ஏறும்போதும் அதற்குப் பிறகும் வெகுநேரம் அது தலையில்தான் இருந்தது. அழகு நிலையத்தில் இப்படி ஒரு வேதனையைக் காசு கொடுத்து வாங்கும் பெண்ணை நான் பார்த்ததில்லை.

பில் கவுண்டரில்தான் என் கணவர் அந்த வேலையைச் செய்தார். அவர் துறைமுகத்தில் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் அலுவலகத்தில் இருக்கிறார். ஒரு சரக்கை எந்த வகையில் சேர்ப்பது என்று அதிகாரிகளோடு வாதாடுவதுதான் அவர் பிழைப்பு. வகை மாறினால் வரி மாறிவிடும். அதிகாரி சொல்லும் வகையை ஏற்க முடியாது, ஆனால் சரக்கை உடனே எடுத்தாக வேண்டும் என்றால், கேட்ட வரியைக் கட்டிவிட்டு, 'ஆட்சேபத்தோடு கட்டுகிறோம்' என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பணம் போனாலும் கேட்கும் உரிமை போகாது.

தொப்பிக்கான பில்லை நீட்டிய பெண்ணிடம் இவர், "இதுல 'அண்டர் புரொட்டெஸ்ட்'னு எழுதிக் குடும்மா" என்றார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "சார், இது ஆஸ்பத்திரி. புரொட்டெஸ்ட்லாம் வெளிய கலெக்டர் ஆபீஸ்ல."

"நீ எழுதும்மா. இன்சூரன்ஸ்காரன் இத பவுடர் சீப்போட சேர்ப்பான். நாங்க ஒத்துக்கிடலன்னு தெரியணும்லா."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் இவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே பில்லின் ஓரத்தில் எழுதிக்கொடுத்தாள். வீடு வரும்வரை அவரோடு நான் பேசவில்லை. அந்தப் பில்லை அப்படியே காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தார்.

இரண்டாவது தவணைக்குப் பிறகு முடி கொட்டத் தொடங்கியது. ஆனால் கொத்தாகப் போகவில்லை. தலையணையில் கொஞ்சம், சீப்பில் கொஞ்சம். டாக்டரம்மா விலக்கிப் பார்த்துவிட்டு, "நல்லா நிக்குது. இனி ஒரு தடவைகூட விடாமப் போடணும். நடுவுல விட்டா இதுவரை போட்டது வீண்" என்றார். அந்த நேரத்தில்தான் அந்தப் பதில் வந்தது.

அதை என் கணவரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு என் மாமியாரைப் பார்த்தார். அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எம்மா, இன்சூரன்ஸ்லருந்து யாரும் வந்தாவளா?"

"இன்சூரன்ஸா? அப்படிச் சொல்லிக்கிட்டு ஒருத்தன் வந்தான். நான் நம்புவேனா?"

அத்தை சொன்ன கதை இதுதான். இரண்டாவது தவணை மருந்து ஏறிய மறுநாள், நான் உள்ளே சுருண்டு கிடந்தபோது, ஒரு பையன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரிக்க வந்திருப்பதாகச் சொல்லி, வீட்டில் யாருக்கு என்ன நோய், எத்தனை நாளாக, வேறு யாருக்கும் உண்டா என்று கேட்டிருக்கிறான். அப்போது என் நாத்தனாருக்குச் சாத்தான்குளத்தில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் எடுக்கிறவர்கள் சும்மா எடுப்பதில்லை. ஆள் விட்டு விசாரிப்பார்கள். விசாரிக்க வந்தேன் என்று வருகிறவன் சொல்லமாட்டான். சொந்தத்தில் ஒரு பெண்ணுக்குப் பேச்சு நடந்தபோது ஒருவன் அடுப்பு ரிப்பேர் பார்ப்பவனாக வந்து சமையலறை வரை போய்விட்டான். அது முதல் அத்தைக்கு, கேள்வி கேட்டு வருகிற எவனும் மாப்பிள்ளை வீட்டு ஆள்தான்.

"குடும்பத்துல யாருக்கும் நோய் உண்டான்னு கேக்கான். இது இன்சூரன்ஸ்காரன் கேக்குற கேள்வியா? பொண்ணெடுக்கவன் கேக்குற கேள்வி. ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல தம்பி, மருமவளுக்குப் பித்தப்பையில கல்லு, எடுத்தாச்சு, செந்தூர் முருகனுக்கு மொட்டை நேர்ந்திருக்கு, அடுத்த மாசம் போடுதோம்னு சொல்லிவிட்டேன். காப்பியும் குடிச்சிட்டுத்தான் போனான்."

"நான் எப்ப அத்தை நேர்ந்தேன்?"

"நீ நேரல. நான்தான் தெருவுல சொல்லி வச்சிருந்தேன். நாளைக்கு முடி கொட்டிருச்சுன்னா கேக்காவள்லா? அப்ப யோசிச்சிக்கிட்டு நிக்க முடியுமா?"

எங்கள் மில்லர்புரம் தெருவே என் மொட்டைக்குக் காத்திருந்தது. எனக்கு மட்டும் தெரியாது.

அத்தையின் மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபம் தங்கவில்லை. அவர் பயத்தில் பொய் சொன்னார். அந்தப் பொய்யில் இரண்டு பாதி இருந்தது. நோயே இல்லை என்பது ஒன்று, மொட்டை போடப்போகிறாள் என்பது இன்னொன்று. என் மார்பை அறுத்த ஆஸ்பத்திரியின் அறிக்கைகள் எல்லாம் நிறுவனத்திடம் இருந்தன. எனவே முதல் பாதி பொய் என்று அவர்களுக்குத் தெரியும். ஒரே மூச்சில் சொன்னதில் இரண்டாவது பாதியை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். ஏன், உள்ளே படுத்திருந்தேனே, என்னை எழுப்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? தலை என்னுடையது.

இன்னொன்றும் எனக்கு ஆறவில்லை. கீமோவில் வாந்தி வராமல் இருக்க ஒரு மாத்திரை தருகிறார்கள். அந்த மாத்திரையும் புற்றைக் குணப்படுத்துவதில்லை. மருந்து செய்யும் கேட்டைத்தான் தடுக்கிறது. அதற்குப் பணம் வந்துவிட்டது. அதே மருந்து முடிக்குச் செய்யும் கேட்டைத் தடுத்தால் மட்டும் அழகாம். வாந்தி எடுக்கும் வயிறு நோயாளியுடையது, முடி இருக்கும் தலை அலங்காரம் செய்துகொள்கிறவளுடையதா? இந்த வகையைப் பிரித்தவர் யார்? அவர் தலையை யாராவது இப்படிப் பிரித்திருப்பார்களா?

மறுபரிசீலனை கேட்டு எழுதினேன். எழுதியதை நாலு தடவை திருத்தினேன். கோபமாக இருக்கிறதோ என்று தணித்தேன். கெஞ்சுவதுபோல் இருக்கிறதோ என்று மறுபடி கூட்டினேன். இதற்கிடையில் மூன்றாவது தவணை வந்தது. இவர் சம்பளத்தில் முன்பணம் வாங்கினார். மறுபடியும் தொப்பி, மறுபடியும் மீன்பெட்டி, மறுபடியும் பில் ஓரத்தில் அந்த வரி. இந்த முறை நான் அவர் சட்டையை இழுக்கவில்லை.

ஒரு பிற்பகல், சென்னையிலிருந்து குறைதீர்க்கும் பிரிவு பேசும், நேர்ச்சை பற்றிச் சொன்னவரும் உடன் இருக்க வேண்டும் என்று தகவல் வந்தது. அத்தை உடனே மறுத்தார்.

"நான் பேச மாட்டேன். போன்ல சத்தமாச் சொன்னா எதுத்த வீட்டுக்காரி காதுல விழும். அவ சாத்தான்குளத்துல கட்டிக் குடுத்த மவகிட்டச் சொல்லுவா. முடிஞ்சிது. இவ வாழ்க்கை போயிரும்."

என் நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "எம்மா, இப்பத் தெரிஞ்சு ஓடுதவன் கல்யாணத்துக்குப் பொறவு தெரிஞ்சா மட்டும் நிக்கவா போறான்? ஓடுததுன்னா இப்பவே ஓடட்டும், மண்டபக் காசு மிச்சம்."

"வாய மூடுளா."

"நீ வாயத் தொற. மதினி தலைய நீதான் பேசிக் குடுத்த, நீதான் பேசி மீட்டணும்."

நான் நடுவில் பேசவில்லை. பேச வேண்டாம் அத்தை, விட்டுவிடுவோம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. மருமகளாக அதுதான் பழக்கம். என் தலைக்காக ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுக்கிறேனோ என்றும் தோன்றியது. ஆனால் சொல்லவில்லை. அந்த ஒரு தடவை வாயை மூடிக்கொண்டிருந்தது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன், பெரும்பாலான நாட்களில்.

அழைப்பு வந்தது. கைபேசியைச் சாப்பாட்டு மேசையில் ஒலிபெருக்கியில் வைத்தோம். அத்தை சன்னல்களைச் சாத்தினார். போதாதென்று, சமையலறையில் மிக்ஸியில் கொஞ்சம் உளுந்தைப் போட்டு ஓடவிட்டு வந்தார், சத்தம் வெளியே கேட்காமல் இருக்க.

"வணக்கம் மேடம். அங்க ஏதோ சத்தம் கேக்குது" என்றது ஒரு பெண் குரல்.

"அது மிக்ஸி மேடம்" என்றேன்.

"ஆஃப் பண்ணிட்டுப் பேசறீங்களா? கால் ரெக்கார்ட் ஆகுது."

நாத்தனார் எழுந்து போய் நிறுத்தினாள். திடீரென்று வீடு அவ்வளவு அமைதியாகிவிட்டது.

"நேர்த்திக்கடன் பத்தி இன்ஃபர்மேஷன் குடுத்தது யாரு?"

"நான்தான்" என்றார் அத்தை மெதுவாக.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கம்மா."

அத்தை என்னைப் பார்த்தார். என் தலையில் கட்டியிருந்த துண்டைப் பார்த்தார். பிறகு மிக்ஸியைத் தோற்கடிக்கும் சத்தத்தில் தொடங்கினார்.

"நான்தான் சொன்னேன். பொய் சொன்னேன். என் மருமவளுக்குக் கல்லும் இல்ல, மண்ணும் இல்ல. மார்ல புத்து. தெருக்காரிக்குச் சொல்ல வேண்டிய பொய்ய ஒங்க பையன்கிட்டயும் சொல்லிட்டேன், அவன மாப்பிள வீட்டு ஆளுன்னு நெனச்சி. அவ நேரல. ஒருத்தி தலைமுடிய இன்னொருத்தி நேர முடியுமா? நான் சொன்னா ஒங்களுக்கு எங்க போச்சு புத்தி?"

"அம்மா, நிதானமாப் பேசுங்க."

"நிதானமாத்தான் கேக்கேன். நோயில்லன்னும் நான்தானே சொன்னேன். அத நம்புனியளா? நம்பலல்லா? பொறவு இத மட்டும் ஏன் நம்புனிய?"

நான் நாலு தடவை திருத்தி எழுதியும் இவ்வளவு தெளிவாக வரவில்லை.

அந்தக் குரல் கொஞ்சம் தடுமாறியது. நேர்ச்சை பற்றிய குறிப்பை நீக்கிவிடுவதாகச் சொன்னது. "பட், இது காஸ்மெட்டிக், அதுக்குப் பாலிசில பணம் கிடையாதுங்கறது தனி விஷயம் மேடம். நாங்க கன்சிடர் பண்ணிட்டு ரிப்ளை பண்றோம்."

அத்தை சன்னலைத் திறந்தபோது எதிர்வீட்டு அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "எங்கிட்டக் கல்லுன்னு சொல்லிட்டியளே யக்கா" என்று மட்டும் கேட்டார்.

சேதி சாத்தான்குளம் போவதற்குள் என் நாத்தனாரே மாப்பிள்ளைக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நாங்கள் கூடத்தில் காத்திருந்தோம். பேசிவிட்டு வந்து, "அவுக சித்தியும் போன வருசம் செந்தூர்ல மொட்டை போட்டாவளாம். எதுக்குன்னு இப்பத்தான் சொல்லுதாவ" என்றாள். அத்தை உட்கார்ந்தேவிட்டார். "ரெண்டு வீட்டுக்கும் ஒரே பொய்யா" என்றார்.

நிறுவனத்தின் பதில் நான்காவது தவணைக்கு முன்பு வந்தது. அழகுப் பராமரிப்பு என்ற நிலைப்பாட்டில் மாற்றமில்லை. எனினும் என் நிலையைக் கருத்தில் கொண்டு, நல்லெண்ண அடிப்படையில் ஒரு பகுதியைத் தருகிறார்கள். முழுத் திருப்தியோடு பெற்றுக்கொள்வதாகவும் இனி எதுவும் கோருவதில்லை என்றும் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும்.

இதைவிட அவர்கள் ஒன்றுமே தராமல் இருந்திருக்கலாம். நான் கேட்டது என் உரிமை. அவர்கள் தருவது இரக்கம். ஒவ்வொரு வருடமும் பிரீமியம் கட்டியபோது அவர்கள் யாரும் என்னிடம் இரக்கம் கேட்கவில்லை. அழகுக்கு ஆசைப்பட்டவளுக்குப் பாவம் பார்த்துப் போடுகிறார்கள். அதையும் திருப்தியோடு வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

வேண்டாம் என்று திருப்பியடிக்கலாம் என்று தோன்றியது. ஆனால் இன்னும் தவணைகள் இருந்தன, முன்பணமும் தீர்ந்திருந்தது. வாங்கிக்கொண்டால் அவர்கள் சொன்னது உண்மையாகிவிடுமோ? வாங்காவிட்டால் வீம்பில் தலையை இழப்பேனோ? அன்று முழுவதும் இப்படியும் அப்படியும் உழன்றேன்.

"துறைமுகத்துல என்ன செய்வோம்?" என்றார் என் கணவர். பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

முழுத் திருப்தி என்ற சொற்களை அடித்தேன். இனி கோருவதில்லை என்ற வரியையும் அடித்தேன். கீழே என் கையால் தமிழில் எழுதினேன்: 'ஆட்சேபத்தோடு பெற்றுக்கொள்கிறேன். இது அழகுச் செலவு அன்று. மீதியை மேல்முறையீட்டில் கேட்பேன்.' மரியாதைக் குறைவோ என்று ஒரு கணம் தோன்றியது. அனுப்பிவிட்டேன். அந்தப் பகுதிப் பணம் வந்துவிட்டது. மேல்முறையீடு இன்னும் கிடப்பில்தான் இருக்கிறது.

அத்தைக்கு இன்னும் ஒரு உறுத்தல் இருக்கிறது. சாமி பேரைச் சொல்லிவிட்டோம், ஒரு பூமுடியாவது, அதாவது நுனியில் ஒரு கொத்தாவது, கொடுத்துவிடலாமே என்று கேட்டார். என்னால் முடியவில்லை. "கொட்டினதெல்லாம் அவருக்குப் போச்சுன்னு வச்சுக்கிடுங்க அத்தை. மிச்சம் நான் காசு குடுத்து வாங்கினது" என்றேன். மாமியாரிடம் இப்படிப் பேசியது சரியா என்று இன்றும் யோசிக்கிறேன். அவர் தேங்காய் எண்ணெயை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

என் முடி மெலிந்துவிட்டது. வகிடு அகலமாகிவிட்டது. ஆனாலும் பின்னலாம், சுண்டுவிரல் தடிமனுக்கு. மகள் அதை விரலில் சுற்றிப் பார்த்துவிட்டு, "சின்னப் பின்னல்" என்றாள். ஆமாம் என்றேன். தூங்கிவிட்டாள்.

கடைசித் தவணைக்கு மதுரைக்குப் போனோம். தொப்பியைக் கழற்றி, ஈரத்தலையோடு பில் கவுண்டரில் நின்றோம். அதே பெண். என் கணவர் வாயைத் திறப்பதற்குள் பில்லை நீட்டினாள். ஓரத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தது.

"எழுதிட்டேன் சார். இப்பல்லாம் தொப்பி போடுற அக்காங்க எல்லாரும் இதைத்தான் எழுதச் சொல்றாங்க. உங்களால எனக்கு வேலை கூடிப்போச்சு" என்றாள்.